நீள் ரைபிளின் மேப்பிள் கட்டைக்கு நிறமும் எண்ணெயும் ஏற்றுவது எப்படி

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் துப்பாக்கிக் கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டில் செய்யத் தொடங்கியதுதான் நீள் ரைபிள். வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டுத் திணிகோலால் இறக்குவார்கள். குழல் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அதன் அடியில் தோளிலிருந்து வாய்முனை வரை ஒரே மரம் ஓடும், அதுதான் கட்டை. அந்த மரம் பெரும்பாலும் அலைவரி மேப்பிள். ரேகை நேராகப் போகாமல் நெளிந்து போவதால், அறுத்துச் சீவிய முகத்தில் குறுக்குக் குறுக்காகப் பட்டைகள் தெரியும். துப்பாக்கியைத் திருப்பினால் வெளிச்சப் பட்டை இருளும், இருள் பட்டை வெளிச்சமாகும். அந்த அசைவைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவருவதுதான் இங்கே செய்யப்போகும் வேலை.

இந்த வழிகாட்டி தொடங்கும் இடம் இது: கட்டை வடிவம் பெற்றுவிட்டது. குழல், லாக் (மருந்தைப் பற்றவைக்கும் பொறி), ட்ரிகர், அடித்தகடு (தோளில் படும் உலோகத் தகடு), திணிகோல் குழாய்கள் எல்லாம் மரத்தில் பதிந்துவிட்டன. செதுக்கு வேலை இருந்தால் அதுவும் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் அடியிலிருந்து கையால் செய்திருந்தாலும், பாதி முடிந்த பாகங்களாக வாங்கிச் சேர்த்திருந்தாலும், இங்கிருந்து வேலை ஒன்றுதான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் குழல்வாய் வழியாக வெடிமருந்திடும் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தனியாக வைக்கிறது. மாநிலச் சட்டங்கள் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இதை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், செய்யவும் உரிமம் வேண்டும். இந்த முறைகளைப் பழகிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு மேப்பிள் பலகையிலோ கைத்தடியிலோ செய்து பார்க்கலாம். மரத்துக்கு வேறுபாடு தெரியாது.

தேவையானவை

0.8 மி.மீ. தடிமனுள்ள எஃகுச் சுரண்டு தகடு ஒன்று, வளைந்த விளிம்புடைய சிறிய தகடுகள் இரண்டு மூன்று (பழைய ரம்பத் தகட்டை வெட்டித் தேய்த்தாலும் போதும்), மெல்லிய அரம், 180, 220 எண் உப்புத்தாள், அதற்குப் பின்னால் வைக்கக் கடினமான மரத்துண்டு அல்லது தடித்த தோல், சாம்பல் நிற நைலான் தேய்ப்புப் பட்டை, ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), ஃபெரிக் நைட்ரேட் படிகம் 30 கிராம், காய்ச்சி வடித்த நீர், ஆப்ப சோடா, ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் அரை லிட்டர், டர்பன்டைன், பழைய பருத்தித் துணி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி. இவற்றோடு மிக அவசியமான ஒன்று: உங்கள் கட்டையை அறுத்தபோது மிஞ்சிய அதே மரத்தின் துண்டுகள். கட்டை வாங்கியதாக இருந்தால் விற்றவரிடம் கேட்டாவது ஒரு துண்டு வாங்குங்கள். ஒரு மேப்பிள் பொன்னிறமாகும், அடுத்த மேப்பிள் அதே திரவத்தில் செம்பழுப்பாகும். சோதனைத் துண்டு இல்லாமல் நிறம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான்.

மரமுகம் தயாராவது

நிறம் திட்டுத் திட்டாக வந்துவிட்டது, எண்ணெய் ஏறவில்லை, பளபளப்பு சீராக இல்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி நிறத்தாலும் எண்ணெயாலும் வந்தவை அல்ல. முதல் துளி படுவதற்கு முன்பே மரமுகம் சரியாக இல்லாததால் வந்தவை. ஆகவே முழு வேலையில் பாதி நேரத்துக்கு மேல் இங்கே செலவழித்தால் அதைத் தாமதம் என்று எண்ணாதீர்கள்.

இரும்பு, பித்தளை எல்லாம் பதிந்திருக்கும்போதே முதல் சுற்றை முடியுங்கள். அடித்தகட்டைச் சுற்றியும், லாக் தகட்டைச் சுற்றியும் மரம் உலோகத்தைவிட ஒரு நகத்தளவு உயர்ந்து நின்றால் இரண்டையும் சேர்த்து அரத்தால் இறக்கிச் சமன் செய்யலாம். உலோகத்தைக் கழற்றிவிட்டு மரத்தை மட்டும் தேய்த்தால் ஓரம் தாழ்ந்துபோகும். பிறகு தகட்டை மாட்டும்போது அது மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் திருத்துவது கடினம்.

பிறகு சுரண்டு தகடு. அந்தக் காலத்துப் பட்டறைகளில் வேலை அரம், சுரண்டு தகடு, குதிரைவால் எனப்படும் சொரசொரப்பான தண்டுச் செடி ஆகியவற்றால்தான் நடந்தது. இன்று உப்புத்தாள் மலிவு. ஆனாலும் அலைவரி மேப்பிளுக்குத் தகடுதான் மேல் என்பதற்குக் காரணம் உண்டு. அலைவரியில் ஒரு பட்டையில் ரேகை மேல்நோக்கி எழும், அடுத்த பட்டையில் கீழ்நோக்கி இறங்கும். எழும் பட்டையில் மரத்தின் குறுக்குமுகம் தலைகாட்டும், அது கடினம். இறங்கும் பட்டை மென்மை. விரலால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் மென்மையான பட்டை அதிகமாகத் தேய்ந்து, கட்டை முழுவதும் சிறுசிறு மேடுபள்ளமாகிவிடும். தொட்டால் தெரியாது. எண்ணெய் போட்டதும் வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். தகடு மேட்டை மட்டும் வெட்டும், பள்ளத்தில் இறங்காது. லாக்கைச் சுற்றியுள்ள மேடை, குறிபார்க்கும்போது கன்னம் படும் கன்னமேடு ஆகியவற்றின் கூரான விளிம்புகளையும் உப்புத்தாள் மழுக்கிவிடும். அந்த விளிம்புகள் கூர்மையாக நிற்பதில்தான் கைவேலையின் அழகு இருக்கிறது.

தகட்டைத் தீட்டுவது: விளிம்பை அரத்தால் சதுரமாக்கி, சாணைக்கல்லில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிறகு கடினமான எஃகுத் தண்டால் விளிம்பின் மேல் அழுத்தி இழுத்து, கடைசி இரண்டு இழுப்பில் தண்டைச் சிறிது சாய்த்தால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஒன்று மடங்கும். வெட்டுவது அந்தக் கொக்கிதான். இரண்டு கட்டைவிரலாலும் தகட்டை லேசாக வளைத்து, முன்பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள். மெல்லிய சுருள் வரவேண்டும். தூள் மட்டும் வந்தால் கொக்கி போய்விட்டது, திரும்பவும் தீட்டுங்கள். மழுங்கிய தகட்டை வலுவாக அழுத்தினால் அது வெட்டாமல் நாரைக் கசக்கும். கசங்கிய இடத்தில் நிறம் வேறுமாதிரி ஏறும். தகட்டைப் பட்டைகளுக்கு நேர் செங்கோணமாகத் தள்ளாமல் சற்றுக் கோணலாகத் தள்ளினால் நார் பிய்வது குறையும். மேப்பிளில் அப்படியும் பிய்ந்தால் எதிர்த்திசையிலிருந்து வாருங்கள்.

கட்டையில் உலோகத்தைப் பதிக்கும்போது தொடுமிடம் தெரிவதற்காகப் பூசிய புகைக்கரி விளிம்புகளில் ஒட்டியிருக்கும். அதை உலர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள். நீர் பட்டால் கரி ரேகைக்குள் ஊர்ந்துபோகும், பிறகு வராது. எபாக்ஸி பசை வழிந்த இடம், விரல் எண்ணெய், பென்சில் கோடு எல்லாம் இப்போதே போகவேண்டும். பசை பட்ட இடம் நிறத்தை ஏற்காமல் வெளிறி நிற்கும்.

பள்ளம் விழுந்த இடங்களில் நனைந்த துணியை வைத்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டி முனையை அழுத்துங்கள். ஆவி ஏறி நசுங்கிய நார் நிமிரும். வெட்டுப்பட்ட நார் நிமிராது. அதைச் சுரண்டித்தான் சமன் செய்யவேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைக் கட்டைக்குப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள். அரத்தின் குறுக்குக் கோடுகள், தட்டைகள், மேடுகள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். கை பிடிக்கும் மெல்லிய கழுத்துக்கும் கன்னமேட்டுக்கும் இடையில் உள்ள வளைவு, லாக் மேடையின் பின்முனை, திணிகோல் பள்ளத்தின் இரு ஓரம் ஆகிய இடங்களில் கோடு ஒளிந்திருக்கும். பென்சிலால் வட்டமிட்டுத் திருத்துங்கள்.

கடைசியாக 220 எண் உப்புத்தாள் லேசாக, ரேகை ஓடும் திசையில், மரத்துண்டைப் பின்னால் வைத்து. அதற்கு மேல் 400, 600 என்று போகவேண்டாம். மரமுகம் கண்ணாடிபோல் இறுகிவிட்டால் நிறம் உள்ளே இறங்காது.

நார் எழுப்புதல்

இதைத் தவிர்த்துவிட ஆசை வரும். தவிர்க்காதீர்கள். நிறத் திரவத்தில் இருப்பது நீர். நீர் பட்டதும் மடங்கிக் கிடந்த நுண்நார்கள் மீசைபோல் எழும். முதலிலேயே எழுப்பி வெட்டிவிடாவிட்டால் நிறம் போட்டபின் எழும். அப்போது தேய்த்தால் நிறமும் சேர்ந்து போகும்.

வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கட்டை முழுவதும் துடையுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். ஹீட் கன்னால் வேகமாக உலர்த்துங்கள். சூட்டில் நார் நன்றாக எழும். கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். புதிதாகத் தீட்டிய தகடோ, தேய்ந்த 220 உப்புத்தாளோ கொண்டு நாரை மட்டும் வெட்டுங்கள். மரத்தைத் தோண்டவேண்டாம். திரும்ப நனையுங்கள். இரண்டாவது முறை சொரசொரப்பு குறையும். மூன்றாவது முறை பெரும்பாலும் இருக்காது. இருந்தால் நான்காவதும் செய்யுங்கள்.

நிறம்

அந்தக் காலத்தில் கொல்லர்கள் இரும்புத் துகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து மரத்தில் பூசிக் கரி அடுப்பின் மேலோ காய்ச்சிய இரும்பருகிலோ காட்டினார்கள். அந்த அமிலத்துக்கு அப்போதிருந்த பெயர் அக்வா ஃபோர்ட்டிஸ். நீங்கள் அப்படிக் கரைக்கவேண்டாம். இரும்பும் நைட்ரிக் அமிலமும் சேரும்போது எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்தபோது பெரிதாக எதுவும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிரைப் பறிக்கக்கூடியது. அந்தக் கரைசலில் வேலை செய்யும் பொருள் ஃபெரிக் நைட்ரேட்டுதான். அது படிகமாகவே கிடைக்கிறது. நீரில் போட்டால் கரையும். நிறமும் அதே நிறம்.

அளவு: 30 கிராம் படிகம், 120 மி.லி. காய்ச்சி வடித்த நீர். ஒரு துப்பாக்கிக்கு இது போதும். கண்ணாடிக் குடுவையில், பிளாஸ்டிக் மூடி போட்டு வையுங்கள். உலோக மூடியை அரித்துவிடும். குழாய்நீரில் உப்பு இருந்தால் திரவம் கலங்கும். சற்று வெளிறிய நிறம் விரும்பினால் நீரை 180 மி.லி. ஆக்குங்கள்.

மேப்பிளில் இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பிழையும் குறையும். மேப்பிளில் துவர்ப்புப் பொருள் மிகக் குறைவு. காடியில் இரும்பை ஊறவைத்த நீரை வால்நட்டிலோ ஓக்கிலோ பூசினால் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும். மேப்பிளில் பூசினால் அழுக்குச் சாம்பல்தான் வரும். கெட்டியான தேயிலை டிக்காஷனை முதலில் பூசி அதன்மேல் போட்டால்தான் கறுப்பு வரும். ஃபெரிக் நைட்ரேட் வேறு. சூடு பட்டதும் நைட்ரேட் சிதைந்து இரும்பு ஆக்சைடு மரத்துக்குள்ளேயே தங்கும். செம்பழுப்பைக் கொடுப்பது அதுதான். குறுக்குமுகம் தலைகாட்டும் பட்டைகள் அதிகமாகக் குடிப்பதால் அவை கருமையாகும், மற்றவை வெளிறி நிற்கும். அலைவரி எழுந்து வருவது இப்படித்தான். வால்நட் கட்டையாக இருந்தால் இந்த முழுப் பகுதியையும் விட்டுவிட்டு எண்ணெய்க்குப் போங்கள். நல்ல வால்நட்டுக்கு நிறம் தேவையில்லை.

எல்லா உலோகத்தையும் கழற்றுங்கள். ஒரு திருகாணிகூட இருக்கக்கூடாது. துரு பிடித்து மரத்தில் கறுப்புக் கறை விழும். ஆணியடித்துப் பொருத்தும் வெள்ளித் தகடுகளை நிறம் போட்டபின் அடிக்கலாம். திறந்த வெளியில் அல்லது காற்று நன்றாகப் போகும் இடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டு வேலை செய்யுங்கள்.

துணியால் கட்டை முழுவதும் சீராகப் பூசுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், நிறுத்திய இடத்தில் ஓரக்கோடு விழும். அடித்தகட்டுக்கு உள்முகம், வாய்முனை போன்ற குறுக்குமுகங்கள் தண்ணீரைக் கண்ட கடற்பஞ்சாய்க் குடிக்கும். அங்கே முதலில் வெறும் நீரைத் துடைத்துவிட்டு, திரவத்தைக் குறைவாகப் போடுங்கள். செதுக்குப் பள்ளங்களில் தேங்கினால் உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள்.

உலர்ந்தபின் கட்டை கடுகு மஞ்சளாகவோ பச்சை கலந்த அழுக்கு நிறமாகவோ இருக்கும். பயப்படவேண்டாம். இப்போது ஹீட் கன்னை ஐந்து செ.மீ. தூரத்தில் பிடித்து அசைத்துக்கொண்டே இருங்கள். சில நொடிகளில் நிறம் திடீரென்று செம்பழுப்பாக மாறும், மாறிய இடமும் மாறாத இடமும் கோடு போட்டதுபோல் தெரியும். மாறியதும் நகருங்கள். கட்டை முழுவதும் இப்படி ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. இனி எவ்வளவு காட்டினாலும் நிறம் மாறவில்லை என்னும் நிலை வரவேண்டும். அரைகுறையாகச் சூடு காட்டிய கட்டைதான் மாதங்கள் கழித்துப் பச்சை தட்டுவது.

கருகும் இடங்கள் எப்போதும் அவையேதான்: லாக் மேடையின் கூர்விளிம்பு, கன்னமேட்டின் கோடு, செதுக்கின் மெல்லிய நுனிகள், குழலைத் தாங்கும் முன்கட்டையின் மேல்விளிம்பு. மெல்லிய மரம் விரைவில் சூடேறும். அங்கே தூரத்தைக் கூட்டுங்கள். முன்கட்டையின் சுவர் சில மி.மீ.தான் இருக்கும்; ஒரே பக்கத்தில் நீண்டநேரம் சூடு காட்டினால் அது வளையும். இரு பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். குழல் பள்ளத்தின் உள்ளே திரவம் போகவேண்டிய அவசியமில்லை.

ஒரு பூச்சு முடிந்ததும் நீர்நனைந்த துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். நனைந்த நிறம்தான் ஏறக்குறைய எண்ணெய் போட்டபின் வரும் நிறம். போதவில்லையென்றால் இன்னொரு பூச்சு, இன்னொரு சூடு. மூன்றாவது பூச்சு பெரும்பாலும் பயனைவிடக் கெடுதலைத்தான் செய்யும். வெளிறிய பட்டைகளும் இருண்டு அலைவரியே மங்கிவிடும்.

சூடு காட்டி முடித்த கட்டை மங்கலாக, சேறு பூசியதுபோல் இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் படும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

15 கிராம் ஆப்ப சோடாவை அரை லிட்டர் நீரில் கரைத்துக் கட்டையைத் துடையுங்கள். மிச்ச அமிலம் முறியும். பிறகு வெறும் நீரால் இரண்டு முறை துடைத்து ஒருநாள் உலரவிடுங்கள். உலோகம் பதியும் குழிகளில் இதைக் கவனமாகச் செய்யுங்கள். அங்கே தங்கிய அமிலம் லாக்கையும் திருகாணிகளையும் துருப்பிடிக்க வைக்கும். திரவம் பட்ட துணிகளை நீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் எறியவேண்டும். நைட்ரேட் ஊறி உலர்ந்த துணி எளிதில் தீப்பற்றும்.

சாம்பல் நிற நைலான் பட்டையால் லேசாகத் தேயுங்கள். இரும்புக் கம்பளியை இப்போது தொடவேண்டாம். அதன் நுண்துகள் ரேகையில் சிக்கி, பின்னாளில் கறுப்புப் புள்ளியாகும். முகடுகளிலும் கை படும் கழுத்திலும் சிறிது அதிகமாகத் தேய்த்தால் நிறம் அங்கே வெளிறி, செதுக்கின் பள்ளங்களில் தங்கும். செதுக்கு வேலை எடுப்பாகத் தெரியும். இதற்கு மேல் போய், நூறாண்டு தேய்ந்ததுபோல் பொய்த் தேய்மானம் செய்வது புதியவர்களுக்கு வேண்டாம். பழைய துப்பாக்கிகளை நிறையப் பார்த்து எங்கே தேயும், ஏன் தேயும் என்று அறிந்தவர்கள் கையில்தான் அது நம்பும்படி வரும்.

எண்ணெய்

பழைய பட்டறைகளின் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். ஈயச் சேர்மங்களோடு காய்ச்சி விரைவில் உலரச் செய்வார்கள். பிசின் சேர்த்து வார்னிஷாக்குவதும் உண்டு. இன்று கடையில் 'காய்ச்சிய ஆளி எண்ணெய்' என்று விற்பது பெரும்பாலும் காய்ச்சியதல்ல. உலர்த்தும் உலோக உப்புகள் சேர்த்தது. எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்காகும். வெறும் ஆளி எண்ணெய் எதுவானாலும் நீரைத் தடுப்பதில் பலவீனம். ஆகவே பிசின் கலந்த ஆளி எண்ணெய் வார்னிஷையே தேர்ந்தெடுங்கள். பாலியூரித்தேன் வார்னிஷ் நீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் மரத்தின் மேல் பிளாஸ்டிக் தோலாகப் படிந்து அலைவரியின் அசைவை மூடிவிடும். இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு அது பொருந்தாது.

முதல் பூச்சு மரத்தை மூடுவதற்கு. ஒரு பங்கு வார்னிஷ், ஒரு பங்கு டர்பன்டைன். தாராளமாக நனையுங்கள். உறிஞ்சும் இடங்களில் மேலும் போடுங்கள். அரைமணி நேரத்துக்குள் மேலே நிற்பதையெல்லாம் உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். இந்த நேரத்தில்தான் அலைவரி எழும். அதுவரை செய்த வேலை எப்படி என்று அப்போதே தெரிந்துவிடும்.

வெளிமுகத்தோடு நின்றுவிடாதீர்கள். லாக் குழி, குழல் பள்ளம், திணிகோல் துளை, அடித்தகட்டின் உள்முகம், ஆணித்துளைகள் எல்லாவற்றிலும் இந்த நீர்த்த வார்னிஷ் போகவேண்டும். கருமருந்து எனப்படும் பழைய பாணி வெடிமருந்து எரிந்தபின் மிஞ்சும் கசடு உப்பு கலந்தது. காற்றின் ஈரத்தை இழுத்துக் குழம்பாகும். அதைக் கழுவுவதும் நீரால்தான். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் லாக்கைச் சுற்றி ஈரம் இறங்கும். மூடாத மரம் அதைக் குடித்துக் கறுக்கும், வீங்கும், லாக்கை இறுக்கும். ஓரிரு மழைக்காலத்தில் லாக்கின் பின்முனையில் வெடிப்பு விழும். பழைய துப்பாக்கிகளில் லாக்கைச் சுற்றிய மரம் கறுத்துப்போயிருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் குழிகளில் தடித்த படலம் கூடாது. படலம் சேர்ந்தால் குழல் பழைய இடத்தில் உட்காராது; வலுவில் அழுத்தினால் முன்கட்டை பிளக்கும். உள்ளே இரண்டு நீர்த்த பூச்சு போதும்.

ஒரு நாள் உலர்ந்ததும் நைலான் பட்டையால் தடவிவிட்டு அடுத்த பூச்சு. இனி நீர்க்கவேண்டாம், தாராளமும் வேண்டாம். உள்ளங்கையில் நாலைந்து சொட்டு, அதைக் கட்டையில் அரை அடி நீளத்துக்குச் சூடு பிறக்கத் தேய்ப்பது, அடுத்த அரை அடி. கடைசியில் சுத்தமான துணியால் முழுவதும் துடைத்தால், மேலே எதுவும் இல்லை என்று தோன்றவேண்டும். அந்த அளவுதான் சரி. திணிகோல் பள்ளத்திலும் செதுக்கின் மூலைகளிலும் தேங்கியதைத் தூரிகையால் எடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு முழு நாள். ஈரக் காற்றுள்ள ஊரில் இரண்டு நாள். வெயிலில் தொங்கவிட்டால் ஆளி எண்ணெய் விரைவில் உலரும். ஆனால் உச்சிவெயிலில் மணிக்கணக்காக விட்டால் மெல்லிய முன்கட்டை வளையும். காலை வெயில் போதும். மேப்பிளுக்கு நான்கிலிருந்து ஆறு பூச்சு. வால்நட்டின் துளைகள் பெரியவை. அதற்கு முதல் இரண்டு மூன்று பூச்சை 320 எண் உப்புத்தாளால் எண்ணெயோடு சேர்த்தே தேய்த்து, எழும் மரக்குழம்பால் துளைகளை அடைக்கவேண்டும்.

பூச்சு பிசுபிசுக்கிறது என்றால் கனமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது முந்தையது உலரும் முன் அடுத்ததைப் போட்டிருக்கிறீர்கள். காத்திருந்தால் தானாக உலரும் என்று விடாதீர்கள். மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். டர்பன்டைன் நனைந்த நைலான் பட்டையால் பிசுபிசுப்பைக் கழுவி எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மெல்லிய பூச்சு போடுங்கள். சுருக்கம் விழுந்த இடத்துக்கும் இதே வைத்தியம், ஆனால் சுருங்கிய படலத்தை முதலில் தகட்டால் சுரண்டிவிடவேண்டும். வெளிறிய திட்டு தெரிந்தால் அது பசை பட்ட இடம். சுரண்டி, தூரிகையால் தொட்டு நிறம் வைத்து, சூடு காட்டி மீண்டும் எண்ணெய்க்கு வரலாம். எண்ணெய் ஊறிவிட்டால் நிறத் திரவம் ஏறாது, ஆகவே இதை முதல் பூச்சிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

எண்ணெய்த் துணிகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்லவேண்டும். ஆளி எண்ணெய் உலர்வது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது. அப்போது வெப்பம் வெளியாகும். கசக்கிப் போட்ட துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, யாரும் தீ வைக்காமல் தானே பற்றிக்கொள்ளும். பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. பயன்படுத்திய ஒவ்வொரு துணியையும் வெளியே கம்பியில் ஒற்றை மடிப்பாக விரித்துப் போட்டு விறைப்பாக உலர்ந்தபின் எறியுங்கள். அல்லது நீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று மேஜையில் விட்டுப்போகக் கூடாது.

மெருகும் பூட்டுதலும்

கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு வாரம் கட்டையைத் தொங்கவிடுங்கள். பளபளப்பு அதிகமென்று தோன்றினால் மிக மெல்லிய மெருகுக்கல் பொடியை எண்ணெயில் குழைத்துக் கம்பளித் துணியால் தேயுங்கள். கழுத்தில் மங்கலும் கன்னமேட்டில் சிறிது பளபளப்பும் இருப்பது கண்ணுக்கு நன்றாக இருக்கும், கட்டாயமில்லை. அதன்மேல் தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்த பசையை ஒரு கை பூசித் துடைக்கலாம்.

உலோகத்தைத் திரும்ப மாட்டும்போது திருகாணிகளின் புரியில் தேன்மெழுகு தடவுங்கள். எளிதில் இறங்கும், துருவும் பிடிக்காது. குழல் உட்கார மறுத்தால் பள்ளத்தில் வார்னிஷ் படிந்த இடத்தைத் தகட்டால் மெல்லச் சுரண்டுங்கள். சுத்தியல் வேண்டாம். குழலைக் கட்டையோடு பிடிக்கும் ஆணிகள் நுழையும், குழலின் அடியில் உள்ள காதுகளில் துளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். மரம் ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசையும், குழல் அசையாது. வட்டத் துளையாக இருந்தால் அந்த இழுபறியில் ஆணியைச் சுற்றி மரம் வெடிக்கும். மெல்லிய வட்ட அரத்தால் இருபுறமும் அரை மி.மீ. நீட்டிவிடுங்கள்.

ஆணியைத் தட்டி எடுக்கவும் செருகவும் ஒரே திசையைப் பின்பற்றுங்கள். மாற்றித் தட்டினால் வெளிப்பக்கத்தில் சிராய் பெயர்ந்து, புதுப் பூச்சில் வெள்ளையாகத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து தட்டவேண்டும் என்று குழல் பள்ளத்தின் உள்ளே பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்தால் போதும்.

பிறகு பராமரிப்பு சொற்பம்தான். சுட்ட நாளில் லாக்கைக் கழற்றி அதன் குழியை உலர்ந்த துணியால் துடையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையில் இரண்டு சொட்டு வார்னிஷ், கட்டை முழுவதும் தேய்த்து, மறுபடி துடைத்து எடுத்துவிடுங்கள். கழுத்தில் கை வியர்வை பட்டு மங்கும் இடத்துக்கு மட்டும் இன்னொரு சொட்டு.